ஸ்லீவ் டைபோல் ஆன்டெனா: தோற்றமும் வளர்ச்சியும்

ஸ்லீவ் டைபோல் என்பது செங்குத்தாக நிறுத்தப்படும் ஒரு வகை வானொலி ஆன்டெனா. மேலே கால் அலைநீளத்தில் ஒரு கம்பி, கீழே அதே நீளத்தில் ஓர் உலோகக் குழாய், அக்குழாயின் உட்புறமாக ஏறிவரும் கேபிள் ஆகிய மூன்றும் சேர்ந்ததே இதன் அமைப்பு. கேபிளுக்குச் சட்டை அணிவித்ததுபோல் குழாய் அமைவதால் 'ஸ்லீவ்' என்ற பெயர் வந்தது. கோஆக்சியல் ஆன்டெனா என்றும் கூறுவர். ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் வீட்டிலேயே செய்துகொள்ளும் ஆன்டெனாக்களுள் இதுவும் ஒன்று.

இரண்டு கைகளும் ஒரு கையும்

ஆன்டெனாவின் வரலாறு டைபோலில்தான் தொடங்குகிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் 1886 முதல் 1888 வரை ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை ஆராய்ந்தார். நடுவில் சிறு இடைவெளி விட்டு இருபுறமும் நீண்ட கம்பிகளை அவர் பயன்படுத்தினார். இடைவெளியில் தீப்பொறி பாயும்போது அலைகள் புறப்பட்டன. இருபுறமும் சமமான கைகள் கொண்ட இந்த அமைப்பே டைபோல்.

1895இல் இத்தாலியில் மார்க்கோனி அந்த இரண்டு கைகளில் ஒன்றை நிலத்தோடு இணைத்தார். மற்றொன்றை உயரத் தூக்கினார். பூமியே இரண்டாவது கையின் வேலையைச் செய்தது. அலைகள் சென்ற தொலைவு மிகவும் கூடியது. அதன்பின் பல பத்தாண்டுகள் நீண்ட அலைகளின் காலம். உயரமான கம்பமும் நல்ல நில இணைப்பும் வானொலி நிலையத்தின் அடையாளங்களாயின.

சென்னையில் ஆர்வலர்களின் காலம்

இந்தியாவில் 1921இல் அமரேந்திர சந்திர குப்தா முதல் அமெச்சூர் உரிமம் பெற்றார். 1924 மே 16 அன்று சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று சென்னை மாகாண வானொலிச் சங்கத்தைத் தொடங்கினார். அதே ஆண்டு ஜூலை 31இல் அதன் ஒலிபரப்பு ஆரம்பமானது. பணத்தட்டுப்பாட்டால் 1927இல் சங்கம் ஒலிபரப்பை நிறுத்தியது. அதன் கருவிகளைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938இல்தான். அரசின் நிலையம் வருவதற்கு முன்பே தமிழகத்தில் ஒலிபரப்பைத் தொடங்கியவர்கள் தனி ஆர்வலர்களே.

பூமி எட்டாத உயரம்

1930களில் காவல்துறை வாகனங்களுக்காகவும் பிற நடமாடும் சேவைகளுக்காகவும் மிகக் குறுகிய அலைகள் பயன்பாட்டுக்கு வந்தன. இவை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் ஆன்டெனா உயரத்தில் இருப்பது அவசியம். கூரைமீது கம்பம் நட்டு உச்சியில் ஆன்டெனாவை வைத்தால் பூமி வெகு கீழே போய்விடும். மார்க்கோனியின் வழி அங்கே உதவாது. மீண்டும் இரண்டு கை கொண்ட டைபோலுக்கே திரும்ப வேண்டியிருந்தது.

அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. செங்குத்தான டைபோலின் நடுப்பகுதிக்குக் கேபிளைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டவேண்டும். நேராகக் கீழே தொங்கவிட்டால், அது கீழ்க்கையை ஒட்டிச் சென்று, தானும் அலையை வீசத் தொடங்கிவிடும்.

இதற்கான விடைக்கு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இரண்டு படிகள் அமைந்தன. 1929இல் லாயிட் எஸ்பென்ஷீட், ஹெர்மன் ஆஃபெல் ஆகியோர் நவீன கோஆக்சியல் கேபிளுக்குக் காப்புரிமை கோரினர். 1939இல் ஆர்னால்டு பெய்லியின் ஆன்டெனா காப்புரிமை பெற்றது. கீழ்க்கையைக் குழாயாக்கி, கேபிளை அதனுள்ளேயே செலுத்துவதுதான் அதன் கருத்து.

குழாயின் மேல்முனை கேபிளின் வெளிக்கடத்தியோடு இணைந்திருக்கும், கீழ்முனை திறந்திருக்கும். குழாயின் வெளிப்புறம் டைபோலின் கீழ்க்கையாக அலை வீசும். உட்புறமோ மேலே மூடிய கால் அலைக் குழலாக நின்று, திறந்த முனையில் மிக உயர்ந்த மின்மறிப்பைத் தரும். அதனால் கேபிளின் வெளிப்பரப்பில் மின்னோட்டம் இறங்கிச் செல்வது தடைபடும். ஒரே குழாய் இரண்டு வேலைகளைச் செய்கிறது.

வீட்டில் செய்தல்

இந்திய ஹாம்கள் பயன்படுத்தும் 2 மீட்டர் பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. 71.5 என்ற எண்ணை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு இது ஏறத்தாழ 49 சென்டிமீட்டர்.

எளிய முறையில் தனிக்குழாய் தேவையில்லை. கேபிளின் மேலுறையை 49 சென்டிமீட்டர் சீவி, பின்னல் கம்பியை உள்கம்பியிலிருந்து பிரித்து, காலுறையைப் புரட்டுவதுபோல் மீதிக் கேபிளின்மேல் கீழ்நோக்கி இழுத்துவிட்டால் போதும். பி.வி.சி. குழாய்க்குள் வைத்து மூடிவிட்டால் மழைக்கும் தாங்கும்.

ஆனால் இந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. புரட்டிய பின்னலுக்கும் கேபிளுக்கும் நடுவே காற்று இல்லை. பிளாஸ்டிக் மேலுறையே இருக்கிறது. பிளாஸ்டிக்கில் அலையின் வேகம் குறையும். எனவே வெளிப்புறத்தில் கால் அலையாக இருக்கும் நீளம், உட்புறத்தில் கால் அலையைவிட மிகுந்துவிடும். பெய்லியின் குழாய் தந்த தடுப்பு இங்கே வலுவிழக்கும். இதை அறியாதவர்கள் நீளத்தை மாற்றி மாற்றி வெட்டி அலுத்துப்போவதுண்டு. கேபிளிலிருந்து விலகி நிற்கும் அகன்ற செம்பு அல்லது அலுமினியக் குழாயைப் பயன்படுத்துவது ஒரு தீர்வு. ஸ்லீவுக்குக் கீழே கேபிளைச் சில சுற்றுகள் சுருட்டிக் கட்டுவதோ ஃபெரைட் வளையங்களைக் கோப்பதோ மற்றொன்று.

ஆன்டெனா செய்யத் தடையில்லை. ஆனால் அதன் வழியே பேச, 1978ஆம் ஆண்டின் அமெச்சூர் சேவை விதிகளின்படி தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும்.

இன்றைய தேவை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு, அந்தமானுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்திகளைக் கடத்தியது. அந்த நெடுந்தொலைவுத் தொடர்பு சிற்றலைகளில் நடந்தது. பேரிடரின்போது ஊருக்குள் பேச 2 மீட்டர் கைக்கருவிகள் உதவுகின்றன. கருவியின் குட்டை ரப்பர் ஆன்டெனாவைவிட, உயரத்தில் கட்டிய ஸ்லீவ் டைபோல் கூடுதல் தொலைவு தரும். சுருட்டி எடுத்துச் செல்லலாம், மரக்கிளையிலும் தொங்கவிடலாம். கோபுரங்கள் சாய்ந்த நாளில் ஒரு துண்டுக் கேபிளிலிருந்து இதைச் செய்யத் தெரிந்தவர் ஊரில் ஒருவராவது இருப்பது பயனுள்ளது.