தூங்கத் தெரிந்த செல்போன்

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போயிருக்கிறீர்களா? 2006 முதல் 2014 வரை நோக்கியா அங்கேதான் செல்போன் தயாரித்தது. அந்தக் கால சாதா நோக்கியா, ஒருமுறை சார்ஜ் போட்டால் நாலைந்து நாள் தாங்கும். எப்படி? அதற்குத் தூங்கத் தெரியும்!

உள்ளே இரண்டு கடிகாரங்கள். நீங்கள் பேசும்போது விநாடிக்குக் கோடி முறைக்கு மேல் துடிப்பது ஒன்று, கரண்ட்டைக் குடிக்கும். பேசி முடித்ததும் அதை அணைத்துவிட்டு, 32,768 முறை மட்டும் துடிக்கும் குவார்ட்ஸ் படிகத்தைக் காவலுக்கு வைப்பார்கள். கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே படிகம். (ஏன் 32,768? 15 தடவை பாதியாக்கிப் பாருங்கள், 1 வரும். அதாவது, ஒரு விநாடி!) அது இரண்டு விநாடிக்குள் ஒருமுறை போனை எழுப்பும். டவர் கூப்பிடுகிறதா என்று கேட்டுவிட்டு, மறுபடி தூக்கம்.

2012-ல் தமிழ்நாட்டின் நீண்ட மின்வெட்டு ஞாபகம் இருக்கிறதா? விளக்கு எரியாத வீடுகளிலும் போன் மணி அடித்ததற்கு இந்தத் தூக்கமும் ஒரு காரணம். இன்று கம்பியில்லாச் சில்லுகள் ஒரு பட்டன் பேட்டரியில் வருஷக்கணக்கில் ஓடுவதும் இதே வித்தையில்தான்.