டிஸ்க் கோல்ஃப்: கூடை நட்ட கதை

1926-ஆம் ஆண்டு. கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் பிளாட்வொர்த் என்று ஒரு சின்ன ஊர். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து ஒரு விளையாட்டு கண்டுபிடித்தார்கள். தரையில் அங்கங்கே வட்டம் கீறி வைத்துக்கொள்வது. தகர டப்பாவின் மூடியை வீசி, எத்தனை வீச்சில் வட்டத்துக்குள் விழவைக்கிறோம் என்று எண்ணுவது. அதற்குத் தகரமூடி கோல்ஃப் என்று பெயரும் வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் ரொனால்ட் கிப்சன் என்ற ஒரு பையனின் பெயர் மட்டும் இன்றைக்கும் சொல்லப்படுகிறது. கொஞ்ச காலம் விடாமல் ஆடினார்கள். அப்புறம் வளர்ந்தார்கள், ஆளுக்கொரு திசையில் போனார்கள். விளையாட்டும் அவர்களோடு போய்விட்டது. தரையில் கீறிய வட்டம் எத்தனை மழைக்குத் தாங்கும்?

இந்தப் பழங்கதையைத் தேடிப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நான் குடியிருப்பது அமெரிக்கப் புறநகர் ஒன்றில். இந்த வசந்தத்தில் எங்கள் பகுதிப் பூங்காவில் ஒன்பது இரும்புக் கூடைகளை நட்டு, புதிதாக ஒரு டிஸ்க் கோல்ஃப் திடல் திறந்தார்கள். முகப்புப் பலகையில் ‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்று எழுதியிருந்தது. ஆடிப் பார்த்தேன், பிடித்திருந்தது. ஆனால் அந்த வாசகம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. தட்டை வீசுவது சின்னக் குழந்தைகூடச் செய்கிற காரியம். அதில் புதியவர்களுக்கென்று தனித் திடல் எதற்கு? அப்படியென்றால் மற்ற திடல்கள் யாருக்காக?

விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. கோல்ஃப் மாதிரிதான்; மட்டையும் பந்தும் குழியும் கிடையாது. கையகலத்தைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் தட்டு, தூரத்தில் ஒரு கூடை. தொடக்க மேடையிலிருந்து (அதை ‘டீ’ என்கிறார்கள், குடிக்கிற டீ இல்லை) வீசவேண்டும். தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த வீச்சு. குறைந்த வீச்சில் முடித்தவர் ஜெயித்தார். அவ்வளவுதான்.

தட்டின் கதை பலரும் அறிந்தது என்பதால் வேகமாகக் கடந்துவிடுகிறேன். 1930-களின் கடைசியில் ஃபிரெட் மாரிசன் என்ற இளைஞரும் அவருடைய காதலியும் கலிஃபோர்னியாக் கடற்கரையில் கேக் சுடும் தகரத் தட்டை வீசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பார்த்த ஒருவர் 25 சென்ட் தருகிறேன், கொடு என்றாராம். கடையில் அதன் விலை 5 சென்ட். ஆகா, இது நல்ல வியாபாரமாக இருக்கிறதே என்று மாரிசனுக்குத் தோன்றியது. இடையில் உலகப்போர் வந்து அவர் விமானியாகப் போனார், ஜெர்மானியரிடம் போர்க்கைதியாகவும் இருந்தார். திரும்பி வந்து பிளாஸ்டிக்கில் தட்டு செய்தார். 1957-இல் வாம்-ஓ என்ற பொம்மை நிறுவனம் அதை வாங்கி ஃபிரிஸ்பீ என்று பெயர் சூட்டியது. கனெக்டிகட்டில் இருந்த ஃபிரிஸ்பீ என்ற பை கம்பெனியின் காலித் தட்டுகளைக் கல்லூரிப் பையன்கள் வீசி விளையாடியதிலிருந்து வந்த பெயர்.

தட்டு வந்துவிட்டது. விளையாட்டு இன்னும் வரவில்லை. சரியாகச் சொன்னால், வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. 1965-இல் ஜார்ஜ் சாப்பன்ஃபீல்ட் என்ற கல்லூரி மாணவர், கோடை விடுமுறை வேலையாகக் கலிஃபோர்னியாவில் பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக்கொடுத்தபோது, ஹூலா வளையங்களைத் தரையில் போட்டு அதில் தட்டை விழவைக்கச் சொன்னார். சில வருடம் கழித்து தவுசண்ட் ஓக்ஸ் ஊரின் பூங்காத் துறையில் அதிகாரியானதும் அதையே ஒரு போட்டியாக நடத்தினார். தட்டும் வளையமும் வாம்-ஓ கொடுத்து உதவியது. நாட்டின் மறு கோடியில், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில், ஜிம் பால்மெரியும் நண்பர்களும் இது எதுவும் தெரியாமலே மரங்களையும் கம்பங்களையும் இலக்காக வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். 1974-இல் அவர்கள் நடத்திய போட்டிக்குப் பரிசு ஒரு புத்தம்புது டாட்சன் கார்! தட்டு வீசுவதற்குக் காரா என்று அன்றைக்குச் சிரித்தவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

இவர்களில் யாரைக் ‘கண்டுபிடித்தவர்’ என்பது? இணையத்தில் இதைப் பற்றி ரொம்ப சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால் அது வீண் சண்டை. ஒரு மூடியும் ஒரு குறியும் கிடைத்தால் எந்த ஊர்ப் பிள்ளையும் இந்த விளையாட்டைக் கண்டுபிடித்துவிடும். கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஏன் ஒவ்வொரு முறையும் செத்தது, ஒரே ஒரு முறை மட்டும் ஏன் பிழைத்தது?

பிழைத்த இடம் தெற்குக் கலிஃபோர்னியாவில், பாசடீனாவை ஒட்டிய ஓக் குரோவ் பூங்கா. ஓக் மரங்கள் நிறைந்த, வறண்ட ஆற்றுப் பள்ளத்தாக்கு அது. இன்றைக்கு அதன் பெயர் ஹாஹமோங்னா. அந்த மண்ணின் பழங்குடிகளான டோங்வா மக்களின் சொல். வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கு வேறு காரணத்துக்காகவும் பழக்கமாக இருக்கலாம். 1936 அக்டோபர் 31 அன்று ஃபிராங்க் மலினா, ஜாக் பார்சன்ஸ் முதலிய கால்டெக் இளைஞர்கள் ராக்கெட் எஞ்சினை இந்தப் பள்ளத்தாக்கில்தான் பற்றவைத்துப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரி. அது இன்றும் பூங்காவின் பக்கத்து வீடு. விண்கலம் வீசுகிறவர்களும் பிளாஸ்டிக் தட்டு வீசுகிறவர்களும் அண்டை வீட்டார்!

1975-இல் இங்கே உலகின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் திடலை அமைத்தவர் எட் ஹெட்ரிக். 1964-இல் வாம்-ஓவில் சேர்ந்தவர். ஃபிரிஸ்பீயின் மேல்பக்கத்தில் விரலால் தடவினால் வட்ட வட்டமாக வரிகள் தட்டுப்படுமே, அவை இவர் கைவேலை. தட்டு ஆடாமல் அசையாமல் பறப்பதற்காகச் செய்தது. 1967-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஹூலா வளைய மோகம் அடங்கியதும் கிடங்கில் தேங்கிப்போன பிளாஸ்டிக்கை என்ன செய்வது என்ற யோசனையில்தான் அவர் ஃபிரிஸ்பீயைக் கையில் எடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு.

ஓக் குரோவில் முதலில் கூடை கிடையாது. வெறும் கம்பம். தட்டு கம்பத்தில் பட்டால் முடிந்தது. ஆனால் தூரத்திலிருந்து வீசிவிட்டு “பட்டுச்சு”, “படலை” என்று வாதம் வராமல் இருக்குமா? கில்லி ஆடிய அனுபவம் உள்ளவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. ஹெட்ரிக் யோசித்தார். கம்பத்தின் உச்சியில் ஒரு வளையம், அதிலிருந்து சுற்றிலும் தொங்கும் சங்கிலிகள், கீழே ஒரு கூடை. வேகமாக வரும் தட்டைச் சங்கிலி முட்டித் திருப்பி அனுப்பாமல் உள்வாங்கிக்கொள்கிறது. வேகம் செத்த தட்டு நேராகக் கூடையில் விழுகிறது. விழுந்தால் விழுந்ததுதான், சாட்சி தேவையில்லை. சங்கிலி ‘சலங்’ என்று ஒலிப்பது பூங்கா முழுக்கக் கேட்கும். 1977-இல் இதற்கும் காப்புரிமை கிடைத்தது. ஹெட்ரிக் வாம்-ஓவை விட்டு விலகி, கூடை செய்து விற்கத் தனியாக நிறுவனம் தொடங்கினார். 1976-இல் தொழில்முறை ஆட்டக்காரர்களின் சங்கத்தையும் தொடங்கிவைத்தார். ஃபிரிஸ்பீ என்பது வாம்-ஓவின் வணிகப்பெயர் அல்லவா, அதனால் இந்த விளையாட்டுக்கு டிஸ்க் கோல்ஃப் என்ற பெயர் நிலைத்தது.

ஆக, விளையாட்டைப் பிழைக்க வைத்தது தட்டு அல்ல. சிமென்ட் போட்டு மண்ணில் ஊன்றிய கம்பம். அதுவும் தனியார் கிளப்பில் இல்லை, பொதுப் பூங்காவில். பிளாட்வொர்த் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போனபோது அவர்கள் கீறிய வட்டமும் போனது. கூடையை நட்டவன் போனாலும் கூடை இருக்கும். நாளைக்கு அந்த வழியாக நடந்து வரும் யாரோ ஒருவர் “இது என்ன?” என்று கேட்பார். கேட்டவர் ஆடத் தொடங்குவார். கட்டணம் இல்லை, உறுப்பினர் சீட்டு இல்லை. உலகில் இன்று 10,000-க்கும் மேற்பட்ட திடல்கள் இருக்கின்றன, பெரும்பாலும் இலவசம். புல்வெளி கோல்ஃப்போடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும்.

இங்கேதான் என் கேள்விக்கு விடை கிடைக்கிறது. அந்த முதல் திடலில் வீசியது என்ன? கடற்கரையில் வீசும் அதே ஃபிரிஸ்பீ. விளிம்பு தடித்து மழுங்கியிருக்கும், எவ்வளவு பலமாக வீசினாலும் ஓரளவுதான் போகும். அதனால் கூடைகளையும் அந்தத் தூரத்துக்குள்தான் நடமுடியும். பாட்டி, பேரன் எல்லோருக்கும் ஒரே திடல்.

1983-இல் டேவ் டனிபேஸ் என்பவர் தட்டின் விளிம்பைச் சாய்த்துக் கூர்மையாக்கினார். ஈகிள் என்று அதற்குப் பெயர். காற்றைக் கிழித்துப் போனது. அதன்பிறகு வந்த ஒவ்வொரு தட்டும் முந்தியதைவிடக் கூர்மை, வேகம். 2016-இல் நெவாடா பாலைவனத்தில், பின்காற்றின் துணையோடு, டேவிட் விக்கின்ஸ் என்ற இளைஞர் வீசிய தட்டு 338 மீட்டர் போய் விழுந்தது. தட்டு நீளப் பறந்தால் கூடை கிட்டத்தில் இருந்து என்ன பயன்? திடல்கள் நீண்டன. காட்டுக்குள்ளும் மலைச்சரிவிலும் கூடைகள் ஏறின. புல்வெளி கோல்ஃப்பிலும் இதே கதைதான் நடந்தது. 1898-இல் ஹாஸ்கல் ரப்பர் நூல் சுற்றிய பந்தைக் கொண்டுவந்ததும் பழைய மைதானங்கள் குட்டையாகத் தெரிய ஆரம்பித்தன.

இதில் அடிபட்டவர் புதியவர். வேகத்தட்டு வேகமாக வீசுகிறவருக்குத்தான் பணியும். என்னைப் போன்றவர் மெதுவாக வீசினால் அது சீக்கிரமே சாய்ந்து (வலக்கைக்காரருக்கு இடப்பக்கம்) தரையில் குத்திக்கொள்ளும். கடைக்காரர் “இதுதான் ரொம்ப தூரம் போகும் சார்” என்று தருவதை வாங்கிக்கொண்டு நீளமான திடலுக்குப் போகிற ஆள், முதல் நாளே புதருக்குள் தட்டைத் தேடி அலுத்து வீடு திரும்புவார். அப்புறம் வரமாட்டார். பாதையில் நடப்பவர்களுக்கும் தொல்லைதான். கூர்விளிம்போடு 170 கிராம் தட்டு முதுகில் பட்டால் விளையாட்டாக இருக்காது. சில ஊர்களில் திடல் வேண்டாம் என்று எதிர்ப்பு கிளம்பும்போது, அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

எங்கள் பூங்காவில் எந்தக் கூடையும் 250 அடியைத் தாண்டவில்லை. சில 150-க்குள். நடைபாதையைக் குறுக்கே வெட்டுகிற வீச்சு ஒன்றுகூட இல்லை. வடிவமைத்தவரை இதற்காகவே பாராட்டவேண்டும். என்னிடம் இருந்தது ஒரே ஒரு பட்டர், அதாவது விளிம்பு மழுங்கிய மெதுத்தட்டு. அதை வைத்தே ஒன்பதையும் முடித்தேன், 38 வீச்சில். கூடைக்கு மூன்று என்பது கணக்கு, ஆகவே பெருமைப்பட ஒன்றுமில்லை. நான்காவது கூடையில் எனக்கு முன்னால் ஒரு அம்மாவும் ஏழெட்டு வயதுப் பெண்ணும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் ஆறாவது வீச்சில் சங்கிலியை ஒலிக்கவைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். வேறு வழி? கைதட்டினேன்.

‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்ற பலகையைப் புதுமை என்று சொல்வதற்கில்லை. 1975-இல் எல்லாத் திடலும் இப்படித்தான் தொடங்கியது.

ஒன்று மட்டும் கவனித்தேன். கூடைக் கம்பங்களை நேரடியாக சிமென்டில் புதைக்கவில்லை. தரையில் ஒரு இரும்புக் குழாயைப் பதித்து அதற்குள் செருகியிருக்கிறார்கள். வேண்டும்போது பிடுங்கி வேறு குழாய்க்கு மாற்றலாம். அப்படி மாற்றுவதற்கென்றே, ஒவ்வொரு கூடைக்கும் பின்னால், நூறு அடி தள்ளி, இரண்டாவது குழாய் ஒன்றையும் இப்போதே பதித்து மூடி போட்டு வைத்திருக்கிறார்கள். பூங்கா ஊழியரிடம் கேட்டேன். நீளத் திடல் வேண்டும் என்று பழைய ஆட்டக்காரர்கள் இப்போதே மனு கொடுத்திருக்கிறார்களாம். நகராட்சி இலையுதிர்காலத்தில் முடிவெடுக்கும் என்றார். கூட்டத்தில் பொதுமக்களும் பேசலாம். தேதி அறிவித்ததும் போவதாக இருக்கிறேன்.