மிதிவண்டிச் சின்னமும் மயிலாடுதுறையும்: ஒரு பிளவுக் கட்சியின் வரலாறு

1998 ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் தமிழ் மாநிலக் காங்கிரஸ் மூன்றே தொகுதிகளில் வென்றது. சிவகங்கை, நாகர்கோவில் ஆகியவற்றோடு மயிலாடுதுறையும் அவற்றுள் ஒன்று. ஈராண்டுகளுக்கு முன்னர் இருபது இடங்களில் நின்று இருபதிலும் வாகை சூடிய கட்சி அது. பின்னும் நான்காண்டுகளில் அக்கட்சியே இல்லாதொழிந்தது. இத்துணை விரைவான எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணம் யாது?

1967 இல் ஆட்சியை இழந்தபின், தமிழ்நாட்டுக் காங்கிரஸ் பெரும்பாலும் ஏதேனும் ஒரு திராவிடக் கட்சியைச் சார்ந்தே தேர்தலைச் சந்தித்தது. 1989 இல் மட்டும் ஜி. கே. மூப்பனாரின் தலைமையில் சட்டமன்றத் தேர்தலில் தனித்து நின்று 26 இடங்களைப் பெற்றது. 1991 இல் மீண்டும் அ.தி.மு.க.வுடன் உறவு. 1996 இல் அவ்வரசின்மீது மக்களின் சினம் மூண்டிருந்த வேளையிலும், பிரதமர் நரசிம்மராவ் அதே உறவைத் தொடரத் துணிந்தார். மூப்பனார் மறுத்து வெளியேறினார். தேர்தலுக்குச் சில வாரங்களே இருக்கையில் புதிய கட்சி பிறந்தது. மிதிவண்டி அதன் சின்னமாயிற்று.

திருச்சபைப் பிளவுகளின் வரலாற்றைக் கற்போர், பிரிந்தவர்கள் புதிய கோட்பாடு ஒன்றை அறிவித்தனரா, அன்றிப் பழையதை நாங்களே காக்கின்றோம் என்றனரா என்று முதலில் வினவுவர். மூப்பனாரின் பிரிவு இரண்டாம் வகையைச் சார்ந்தது. காங்கிரஸ் என்னும் பெயரையே அவர் விடவில்லை. ஒரே ஒரு மறுப்பின்மீது அக்கட்சி எழுப்பப்பட்டது.

தி.மு.க.வுடன் கூட்டுச் சேர்ந்து, நடிகர் ரஜினிகாந்தின் ஆதரவையும் பெற்று, சட்டமன்றத்தில் 39 இடங்களை அது வென்றது. ப. சிதம்பரம் நடுவணரசின் நிதியமைச்சரானார். 1997 இல் தேவகவுடா அரசு கவிழ்ந்தபோது பிரதமர் பதவிக்கு மூப்பனாரின் பெயரும் பேசப்பட்டது.

ஆயினும் அக்கட்சியின் பெருமை 1996 இல் அன்று, 1999 இல் விளங்கியது என்பதே என் துணிபு. அவ்வாண்டு தி.மு.க. பாரதிய ஜனதாவின் அணியிற் சேர்ந்தது, காங்கிரஸ் அ.தி.மு.க.விடம் திரும்பியது. இரண்டையும் மறுத்த மூப்பனார், புதிய தமிழகத்தோடும், அதுவரை தேர்தலைப் புறக்கணித்து வந்த விடுதலைச் சிறுத்தைகளோடும் கைகோத்தார். மூப்பனார் கபிஸ்தலத்துப் பெருநிலக்கிழார். திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையின் புரவலர். 1968 இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்ட காவிரி வடிநிலத்தில், அத்தகையவரின் மிதிவண்டிச் சின்னத்திலேயே தொல். திருமாவளவன் நின்றார் என்பது சிறு செய்தியன்று. மயிலாடுதுறைக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு அப்பாலுள்ள சிதம்பரம் தனித்தொகுதியில் அவர் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார். வாக்குப்பதிவு நாளில் அத்தொகுதியின் சேரிகள் தாக்கப்பட்டன. வேறு வழியின்றிச் செய்த கூட்டணி என்று சிலர் இதனைக் குறைத்துரைப்பர். அதில் ஓரளவு உண்மையுண்டு. எனினும் ஊர்த்தெருக் காங்கிரஸ்காரரும் சேரியின் இளைஞரும் ஒரே சின்னத்துக்கு வாக்குக் கேட்ட காட்சியை இவ்வட்டாரம் அதற்குமுன் எளிதிற் கண்டதில்லை.

பயன் ஓர் இடமுமில்லை. மயிலாடுதுறையும் காங்கிரஸின் மணிசங்கர் ஐயர் வசமாயிற்று.

2001 சட்டமன்றத் தேர்தலில், எந்த உறவை மறுத்துப் பிறந்ததோ அந்த உறவையே கட்சி ஏற்றது. அ.தி.மு.க. அணியில் 32 இடங்களில் நின்று 23 இல் வென்றது. மறுத்த சிதம்பரம் பிரிந்து காங்கிரஸ் ஜனநாயகப் பேரவையைத் தொடங்கினார். பிளவினுள்ளே ஒரு பிளவு! அவ்வாண்டு ஆகஸ்டு 30 ஆம் நாள் மூப்பனார் மறைந்தார். மறு ஆண்டில் அவர் மைந்தர் ஜி. கே. வாசன் கட்சியைத் தாய்க்கட்சியோடு இணைத்தார். மூப்பனாரின் மறைவே வீழ்ச்சிக்குக் காரணம் என்பர். 23 இடங்களைப் பெற்ற அன்றே கட்சிக்கெனத் தனியே நிற்கும் காரணம் எதுவும் எஞ்சவில்லை என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

2014 இல் வாசன் அதே பெயரில் கட்சியை மீண்டும் தொடங்கினார். 2016 இல் 26 தொகுதிகளில் ஒன்றும் கிட்டவில்லை. 2021 இல் அதன் வேட்பாளர் அறுவரும் அ.தி.மு.க.வின் இரட்டை இலைச் சின்னத்தில் நின்று தோற்றனர்.