அமெரிக்கத் தேசியப் பூங்காவில் விடுமுறை வேலை: உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார்?

மலை, காடு, வெந்நீர் ஊற்று. தங்க இடம், கையில் சம்பளம். சமூக ஊடகத்தில் இப்படியொரு விளம்பரத்தைப் பார்த்தால் "நாமும் போகலாமே"ன்னு தோணுமா இல்லையா?

போகலாம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் கோடைக்காலத்தில் நிறைய ஆள் தேவைப்படுகிறது. வெளிநாட்டு மாணவர்களையும் எடுக்கிறார்கள். ஆனால் விண்ணப்பிப்பதற்கு முன்பே ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: உங்களை வேலைக்கு எடுக்கப்போவது யார்?

ஒரே பூங்கா, இரண்டு முதலாளிகள்

யெல்லோஸ்டோனை எடுத்துக்கொள்வோம். 1872இல் தேசியப் பூங்காவானது. கிட்டத்தட்ட 9,000 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் சுமார் 12 மடங்கு.

அங்கே அகலமான தொப்பி அணிந்து வழிகாட்டும் 'ரேஞ்சர்', தேசியப் பூங்காச் சேவையின் ஊழியர். அது 1916இல் தொடங்கப்பட்ட அரசாங்க அமைப்பு. அதன் பருவகால வேலைகள் 'யுஎஸ்ஏஜாப்ஸ்' என்ற அரசாங்க இணையத்தளத்தில் வெளியாகும். பொதுவாக அவை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே.

பூங்காவுக்குள் இருக்கும் ஹோட்டல், உணவகம், கடை போன்றவற்றை அரசாங்கத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்ட தனியார் நிறுவனங்கள் நடத்துகின்றன. யெல்லோஸ்டோனில் 1904இல் திறக்கப்பட்ட 'ஓல்டு ஃபெய்த்ஃபுல் இன்' ஹோட்டலை நடத்துவது ஸான்டெரா என்ற நிறுவனம். வெளிநாட்டு மாணவர்களுக்கு வேலை கிடைப்பது இத்தகைய நிறுவனங்களில்தான்.

அப்படின்னா என்ன வேலை? அறைகளைச் சுத்தம் செய்வது, பாத்திரம் கழுவுவது, சமையலறையில் உதவுவது, உணவு பரிமாறுவது, கடையில் கல்லாவைக் கவனிப்பது. கரடியைக் கண்காணிக்கும் வேலை கிடைக்காது. விடுப்பு நாளில் நடைப்பாதைகள் உங்களுக்கு. வேலை நாளில் போர்வை விரிப்புதான். "ரேஞ்சர் வேலை வாங்கித் தருகிறேன்" என்று ஒரு முகவர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

யார் போக முடியும்?

இதற்கான விசா 'ஜே-1'. அதில் 'கோடைக்கால வேலை, பயணம்' என்ற பிரிவு இருக்கிறது. முக்கிய நிபந்தனைகள்:

* அமெரிக்காவுக்கு வெளியே உயர்கல்வி நிலையத்தில் முழுநேர மாணவராக இருக்க வேண்டும்.
* குறைந்தது ஒரு பருவத்தையாவது முடித்திருக்க வேண்டும்.
* வேலைக்குத் தேவையான அளவு ஆங்கிலம் பேச வேண்டும்.
* நீண்ட விடுமுறையில் மட்டுமே செல்லலாம். அதிகபட்சம் 4 மாதம்.

சிங்கப்பூர் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல நிறுவனங்கள் செப்டம்பர் தொடக்கம் வரை இருக்கக்கூடியவர்களை விரும்புகின்றன. இங்கே பல்கலைக்கழகம் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். எந்தத் தேதியில் திரும்ப வேண்டும் என்பதை நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் விட்டுவிட்டு வந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் புறப்படும் முன்பே வேலையை உறுதிசெய்திருக்க வேண்டும். சிங்கப்பூரர்களுக்கு அந்த விதியில் தளர்வு உண்டு. ஆனாலும் வேலை கையில் இல்லாமல் விமானம் ஏறுவது நல்லதல்ல.

முதலில் யாரைத் தேடணும்?

ஜே-1 விசாவுக்கு நீங்கள் தனியாக விண்ணப்பிக்க முடியாது. அமெரிக்க வெளியுறவு அமைச்சு அங்கீகரித்த ஓர் ஆதரவு அமைப்பு 'டிஎஸ்-2019' என்ற படிவத்தைத் தர வேண்டும். அந்த அமைப்புகளின் பட்டியல் அமைச்சின் ஜே-1 இணையத்தளத்தில் உள்ளது.

இங்குள்ள முகவர் பெரும்பாலும் இடைத்தரகர்தான். அவர் எந்த அமைப்புக்காக வேலை செய்கிறார் என்று கேளுங்கள். பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்த அமைப்பையே நேரடியாகத் தொடர்புகொண்டு உறுதிசெய்யுங்கள்.

"சுற்றுலா விசாவில் போங்க, அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சட்டவிரோதம். பிடிபட்டால் நாடு கடத்தப்படலாம்; பிற்காலத்தில் படிக்கப் போவதற்குக்கூட விசா கிடைக்காமல் போகலாம்.

இன்னொன்று: 2025 ஜூனிலிருந்து ஜே விசாவுக்கு விண்ணப்பிப்போர் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

கையில் எவ்வளவு மிஞ்சும்?

பூங்காவுக்குள் வாடகைக்கு வீடு தேட முடியாது. நிறுவனத்தின் விடுதியில்தான் பெரும்பாலும் தங்க வேண்டும். அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். அதற்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்வது வழக்கம்.

ஒரு மாதிரிக் கணக்கு: மணிக்கு 15 டாலர், வாரத்துக்கு 35 மணிநேரம் என்றால் 525 டாலர். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் வாரம் 125 டாலர் பிடித்தால் மிச்சம் 400. பத்து வாரத்தில் 4,000 டாலர். அதிலிருந்துதான் வருமான வரி, விமான டிக்கெட், ஆதரவு அமைப்பின் கட்டணம், காப்புறுதி, விசாச் செலவு எல்லாம் போக வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் எண்களைப் போட்டுப் பாருங்கள். மிஞ்சுவது பணமா, அனுபவம் மட்டுமா என்பது அப்போது தெரியும்.

ஜே-1 மாணவர்கள் பொதுவாக அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு வரி கட்டத் தேவையில்லை. சம்பளச் சீட்டில் அது பிடிக்கப்பட்டிருந்தால் கேளுங்கள்.

விதிகள் ஏன் இவ்வளவு கறார்?

2011 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் சாக்லெட் பொட்டலமிடும் கிடங்கு ஒன்றில் இதே விசாவில் வந்த நூற்றுக்கணக்கான மாணவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் போராடினார்கள். கனமான பெட்டிகளைத் தூக்கும் வேலை, இரவு நேர வேலை, சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போனது என்று அவர்கள் குறைகூறினர்.

2012இல் விதிகள் கடுமையாக்கப்பட்டன. கிடங்கு வேலைக்கு இந்தத் திட்டத்தில் இப்போது இடமில்லை. பெரும்பாலும் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் அமையும் வேலைக்கும், தனியார் வீட்டு வேலைக்கும் அனுமதி இல்லை. அதே வேலையைச் செய்யும் அமெரிக்கருக்குக் கொடுக்கும் சம்பளத்தைவிடக் குறைவாக உங்களுக்குக் கொடுக்கவும் கூடாது.

விசா நேர்காணலின்போது உங்கள் உரிமைகளை விளக்கும் கையேடு ஒன்று கொடுப்பார்கள். அதைப் பையின் அடியில் போட்டுவிடாதீர்கள். கடப்பிதழை முதலாளி பிடித்துவைக்கக் கூடாது என்பதும் அந்த உரிமைகளில் ஒன்று.

கையெழுத்துப் போடும் முன்

இவற்றை எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்குங்கள்:

* முதலாளியின் பெயர், எந்தப் பூங்கா, என்ன வேலை
* மணிநேரச் சம்பளம், வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணிநேரம்
* தங்குமிடம், சாப்பாட்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள்
* விமான நிலையத்திலிருந்து பூங்காவுக்கு எப்படிப் போவது, செலவு யாருடையது
* பிரச்சினை என்றால் ஆதரவு அமைப்பில் யாரை அழைப்பது

அங்கே போனதும் 10 நாளுக்குள் ஆதரவு அமைப்பிடம் உங்கள் வருகையைத் தெரிவிக்க வேண்டும். வேலை பிடிக்கவில்லை என்றால் முதலில் அவர்களிடம் பேசுங்கள். அவர்கள் சரிபார்க்காமல் வேறு வேலைக்கு மாறினால் விசாவுக்கே ஆபத்து.

பல இடங்களில் கைத்தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்காது. அதனால் வீட்டில் அம்மா அப்பாவிடம் முதலாளியின் முகவரி, ஆதரவு அமைப்பின் அவசர எண், டிஎஸ்-2019 படிவத்தின் நகல் மூன்றையும் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.