வாராந்திர எடைக்குறைப்பு ஊசியும் மலாக்காத் தமிழர் உடலும்

வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் செமாகுளூடைடு ஊசியைப் பற்றிப் பேசுவோர் எத்தனை கிலோ இறங்கும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உம்பாய், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத் தமிழர்களுக்கு இதை எழுதித் தரும் மருத்துவர் அந்தக் கேள்வியைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். இடுப்புச் சுற்றளவு, இரத்தச் சர்க்கரை, தசை வலிமை ஆகிய மூன்றையும் முன்னால் வைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

மருந்தின் தேவையில் ஐயமில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 63.9 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள், 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இதைச் சோம்பலின் விளைவு என்பவர்கள் ரப்பர் தோட்ட வரலாற்றை அறியாதவர்கள். விடியுமுன் நெற்றி விளக்கோடு பால்மரம் வெட்டப் போனவர்கள் சோற்றையும் சீனித் தேநீரையும் நம்பி உழைத்தார்கள். உண்டது உழைப்பில் கரைந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பிள்ளைகள் பத்து பிரெண்டாம் தொழிற்சாலைகளில் ஷிஃப்டு வேலைக்குப் போனார்கள். நடை குறைந்தது, சோறு குறையவில்லை. போதாததற்கு டின்பால் ஊற்றிய தே தாரிக்கும் சேர்ந்துகொண்டது.

உடலின் வாகும் இதில் உண்டு. 2004இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. தெற்காசியர் பலருக்கு ஒல்லியான தோற்றத்துக்குள்ளேயே கொழுப்பு மிகுந்தும் தசை குறைந்தும் இருக்கிறது. தராசு இதைக் காட்டாது.

இந்த ஊசியைச் சோதித்து 2021இல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில் 1,961 பேர் கலந்துகொண்டனர். ஊசி பெற்றவர்களுக்கு 68 வாரங்களில் சராசரி எடைக்குறைவு 14.9 விழுக்காடு. ஆய்வில் கலந்துகொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளையர். இனிப்புநீர் உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. இனிப்புநீர் உள்ளவர்களிடம் நடந்த ஸ்டெப்-2இல் சராசரி எடைக்குறைவு 9.6 விழுக்காடுதான். நம் மக்களில் இனிப்புநீர் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டிய எண் இந்த இரண்டாவதே. மேலும், ஸ்டெப்-1இல் ஒரு பிரிவினரை ஊடுகதிரால் அளந்தபோது, இழந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பில்லாத திசுவாக இருந்தது. அது முழுவதும் தசையல்ல என்பது உண்மை. ஆனாலும் தொடக்கத்திலேயே தசை குறைந்த உடலுக்கு அந்த இழப்பு பாரமானது.

இங்கேதான் சாப்பாட்டுத் தட்டைப் பார்க்க வேண்டும். இந்த மருந்து பசியை அடக்குகிறது. வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. அரைத் தட்டிலேயே போதும் என்று எழுபவர் எதை மிச்சம் வைக்கிறார்? சோற்றில் குழம்பு ஊற்றி நாலு வாய் உண்டுவிட்டு மீனையும் பருப்பையும் ஒதுக்கினால், இளைப்பது தசையும்தான். சுட்ட மீனுக்குப் பேர்போன உம்பாயில் புரதத்துக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மீனை முதலில் சாப்பிடுங்கள் என்று சொல்ல ஆள்தான் வேண்டும்.

தசையை அளப்பது அரசு கிளினிக்குக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். நான் ஏற்கவில்லை. ஆசியத் தசைநலிவுப் பணிக்குழு 2019இல் தந்த அளவுகோல் எளிது: கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். நாற்காலியும் கடிகாரமும் இல்லாத கிளினிக் ஏது? ஊசி தொடங்குமுன் ஒருமுறையும், மருந்தளவு கூடும்போதெல்லாம் ஒருமுறையும் தாதியரே இதைப் பார்த்துவிடலாம்.

இன்னொன்று, மருந்தை நிறுத்தினால் எடை திரும்புகிறது. ஸ்டெப்-1 முடிந்து ஊசியை விட்டவர்கள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டில் மீண்டும் பெற்றார்கள். திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்பு. போன தசை தானாக வராது. ஆகவே, சில மாதம் கைக்காசில் வாங்கி, வெள்ளி தீர்ந்ததும் நிறுத்துபவர் தொடங்காதவரைவிட மோசமான நிலைக்குப் போகக்கூடும். தொடர்ந்து கிடைக்குமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே, வீட்டில் சமைப்பவரையும் உட்கார வைத்து, மருத்துவர் பேசி முடிக்க வேண்டும். கிடைக்காதென்றால் அவருக்கு வேறு வழி எழுதித் தருவதே முறை.