மலபார் மத்தி கிழக்கே வந்த கதை

களம்பூர் என்றதும் நெல்லும் அரிசி ஆலைகளும் நினைவுக்கு வரும். பக்கத்து ஊரான ஆரணி என்றால் பட்டுத்தறி. கடலை இங்கு யாரும் நினைப்பதில்லை. மிக அருகில் உள்ள கடற்கரைக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் போக வேண்டும். ஆயினும் மாலை வேளையில் கடைத்தெருவில் பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து வைத்திருக்கும் மீன்கடையில் பலரும் கேட்டு வாங்குவது மத்தி மீனைத்தான். விலை மலிவு; சத்து மிகுதி. தறி வேலைக்கும் ஆலை வேலைக்கும் போய்த் திரும்புவோர் வீட்டில் குழம்பு மணக்க இது போதும்.

ஒருநாள் வெப்பவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், எங்கள் பாட்டி சின்ன வயசில் இந்த மீனைப் பார்த்ததே இல்லையாம். இது மலையாளத்து மீன் என்கிறார். அப்படியானால் நம் கடலுக்கு எப்படி வந்தது?"

பாட்டி சொன்னது பெரும்பாலும் சரியே. சூடை முதலிய வேறு சாளை இனங்கள் நம் கரையில் முன்பே உண்டு. ஆனால் சார்டினெல்லா லாங்கிசெப்ஸ் என்று அறிவியலார் அழைக்கும் நெய் மிகுந்த மத்தி, நெடுங்காலம் மேற்குக் கரையின் செல்வமாகவே இருந்தது. அது கிழக்கே வந்த கதையில் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறும் சிறிது இயற்பியலும் கலந்திருக்கின்றன.

எண்ணெயும் உரமும்

மலபார்க் கரையில் மத்தி உணவுக்கு மட்டும் பயன்பட்டதன்று. மழைக்காலத்துக்குப் பின் கொழுத்து வரும் மீனைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தனர். எஞ்சிய சக்கையும் உலர்த்திய மீனும் தென்னந்தோப்புகளுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் உரமாயின. 1865-இல் 'மலபாரின் மீன்கள்' என்ற நூலை எழுதிய பிரான்சிஸ் டே என்னும் மருத்துவர், இம்மீனின் வரத்து ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்குவதை அன்றே கவனித்தார்.

அக்காலத்தில் மலபாரும் தென் கன்னடமும் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. 1907-இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை தோன்றியது. அதற்கு வழிவகுத்தவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். நம் நாட்டுக் கூட்டுறவு இயக்கத்தின் தொடக்க வரலாற்றிலும் இடம்பெறும் பெயர் அது. மலபாரிலுள்ள தானூரில் அவர் ஒரு சோதனை நிலையம் அமைத்து, மத்தி எண்ணெயையும் உரத்தையும் தூய முறையில் தயாரிக்க வழி கண்டார். அவரையடுத்து இத்துறையில் பெரும்பணி ஆற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், நாயுடு என்னும் துணை ஆய்வாளருடன் சேர்ந்து மத்தியின் வாழ்க்கை வரலாற்றை ஆராய்ந்தார். 1920-களின் தொடக்கத்தில் வெளிவந்த அவ்வாய்வில், மீனின் வளர்ச்சியுடன் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களும் சேர்த்து ஆராயப்பட்டன. மீனை அறிய வேண்டுமாயின் அது உண்ணும் உணவையும், அவ்வுணவு விளையும் நீரையும் அறிய வேண்டும் என்ற தெளிவு அன்றே இருந்தது.

மீன் மறைந்த ஆண்டுகள்

1940-களின் தொடக்கத்தில் எதிர்பாராதது நிகழ்ந்தது. மலபார், தென் கன்னடக் கரைகளில் மத்தி அறவே வராமல் போயிற்று. ஓராண்டு இரண்டாண்டு அன்று. தொடர்ந்து பல ஆண்டுகள். மீனை நம்பிய குடும்பங்களின் துயரைச் சொல்ல வேண்டியதில்லை.

குற்றம் யாருடையது? அரசின் பார்வை வலைகளின்மேல் விழுந்தது. சிறு மீனை வாரி எடுப்பதனால்தான் இனம் அழிகிறது என்று கருதப்பட்டது. 1943-இல் 'மத்திகொல்லி' போன்ற சில வலைகளுக்கும், சிறு மத்தியைப் பிடிப்பதற்கும் சென்னை அரசு தடை விதித்தது. தடையை நடைமுறைப்படுத்துவது எளிதாயில்லை; சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. பின்னர் மத்தி தானாகவே திரும்பி வந்தது.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று மீனவர் கையில் இருந்தவை துடுப்புப் படகுகளும் பருத்தி, சணல் முதலிய நார்களால் ஆன வலைகளும்தான். எந்திரமும் நைலானும் வரவில்லை. எனவே, மிகையாகப் பிடித்தது ஒன்றினாலேயே அவ்வளவு பெரிய கூட்டம் மறைந்தது என்று கொள்வது கடினம். கடலின் நிலை மாறினாலும் மத்தி மறையக்கூடும் என்பதே அந்த ஆண்டுகள் புகட்டும் பாடம்.

மீனை எண்ணுவது எப்படி?

1947 பிப்ரவரியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நம் இராமநாதபுரம் சீமையிலுள்ள மண்டபத்தில் பல ஆண்டுகள் இயங்கி, 1971-இல் அதன் தலைமையகம் கொச்சிக்கு மாறியது. இந்நிலையத்தின் பெருமைகளுள் ஒன்று, நாடு முழுதும் பிடிபடும் மீனைக் கணக்கிடும் முறையாகும்.

ஒரு குடுவையிலுள்ள வாயுவின் ஒவ்வொரு மூலக்கூறையும் நாம் எண்ணுவதில்லை; மாதிரியைக் கொண்டு முழுமையை மதிப்பிடுகிறோம். அதுபோலவே, மீன் இறங்கும் துறைகளுள் சிலவற்றையும், மாதத்தில் சில நாட்களையும், அந்நாட்களில் கரை சேரும் படகுகளுள் சிலவற்றையும் புள்ளியியல் விதிப்படி தேர்ந்தெடுத்து, மீனை இனம் பிரித்து, எடை கண்டு, மொத்தத்தைக் கணக்கிடுகின்றனர். வெயிலிலும் நள்ளிரவிலும் துறைமுக மணலில் நின்று குறிப்பேட்டில் எழுதும் ஊழியர்களின் பொறுமையே இந்தக் கணக்கின் அடிப்படை. அது இல்லையேல் மத்தி இடம் மாறியதை நாம் இவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலாது.

காற்று, நீர், மீன்

மத்தி மலபாரை விரும்பியது ஏன்? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கேரளக் கரையை ஒட்டிக் காற்று தெற்கு நோக்கி வீசுகிறது. புவியின் சுழற்சி காரணமாக, வட அரைக்கோளத்தில் மேற்பரப்பு நீர் காற்றின் திசைக்கு வலப்புறமாகத் தள்ளப்படும். தெற்கு நோக்கி நின்றால் வலக்கை மேற்கைக் காட்டும் அல்லவா? அவ்வாறே நீர் கரையை விட்டு மேற்கே விலகுகிறது. காலியான இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. இந்நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிறைந்திருக்கும். வயலுக்கு எரு இட்டாற்போல் டையாட்டம் முதலிய நுண்பாசிகள் செழிக்கும். அவற்றைத் தின்று மத்தி கொழுக்கும்.

இதை மேலிருந்து சூடேற்றினால் என்ன ஆகும்? பள்ளியில் செய்த சோதனையை நினைவுகூருங்கள். சோதனைக் குழாயின் அடியில் பனிக்கட்டியை நிறுத்தி, மேற்பகுதியில் சூடு காட்டினால், மேலே நீர் கொதிக்கும். அடியில் பனிக்கட்டி உருகாது. சூடான நீர் இலேசாகி மேலேயே தங்கிவிடுவதால் இரண்டும் கலப்பதில்லை. கடலும் அப்படித்தான். மேற்பரப்பு மிகையாகச் சூடேறினால், அடியிலுள்ள எரு மேலே வருவதற்குத் தடை உண்டாகும். சூடான நீரில் ஆக்சிஜனும் குறைவாகவே கரையும்.

புவி வெப்பமாதலால் சேரும் மிகை வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. கடலின் மேல் இரண்டரை மீட்டர் நீர் ஒரு டிகிரி சூடாவதற்கு வேண்டிய வெப்பம், அதன்மேல் உள்ள வளிமண்டலம் முழுவதையும் ஒரு டிகிரி சூடாக்கப் போதுமானது. இதிலிருந்து கடலின் கொள்ளளவை ஊகிக்கலாம். அத்தகைய கடலிலேயே, 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது. மேற்கு இந்தியப் பெருங்கடலில் 60 ஆண்டுகளில் நுண்பாசிகள் 20 விழுக்காடு வரை குறைந்தன என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது.

கிழக்கே வந்த மீன்

1985-க்கு முன் இந்தியாவில் பிடிபட்ட மத்தி ஏறத்தாழ முழுவதும் மேற்குக் கரையில் 8 முதல் 14 டிகிரி வட அட்சங்களுக்கு இடைப்பட்ட பகுதியிலிருந்தே கிடைத்தது. அதன் பின் கணக்கேடுகளில் மாற்றம் தெரிந்தது. வடக்கே கர்நாடகத்தையும் தாண்டி மீன் பிடிபட்டது. 1990-களில் தமிழ்நாட்டுக் கரையிலும் ஆந்திரக் கரையிலும் அது பெருகியது. முன்பு குளிர்ச்சியாக இருந்த வட பகுதி நீர் இப்போது இம்மீனுக்கு உகந்த வெப்பத்தை அடைந்திருக்கிறது என்பது அறிவியலார் தரும் விளக்கம். ஓராண்டில் முதிர்ந்து, இரண்டரை ஆண்டளவில் வாழ்நாள் முடியும் உயிரினம் இது. ஆகவே கடலின் மாற்றத்தை வெப்பமானியைப் போல விரைவில் காட்டிவிடுகிறது.

மீனுடன் சச்சரவும் வந்தது. கூட்டமாகத் திரியும் மத்தியை வளைத்துப் பிடிக்க ஏற்றது சுருக்குமடி வலை. பெரிய வலை உள்ளவர் வாரிக்கொண்டால் சிறு வலைக்காரருக்கு என்ன மிஞ்சும்? தமிழக அரசு 2000-இல் இவ்வலைக்குத் தடை விதித்தது. ஆயினும் கடலூர், நாகப்பட்டினம் பகுதிகளில் மீனவக் கிராமங்களுக்கிடையே பிணக்கு ஓயவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்கள் மட்டும் நிபந்தனைகளுடன் பயன்படுத்தலாம் என்று 2023 ஜனவரியில் அந்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு அளித்தது.

பாவும் ஊடையும்

இனி மலபாருக்குத் திரும்புவோம். 2012-இல் கேரளத்தில் ஏறத்தாழ 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-இல் கிடைத்தது 3,297 டன். நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. 2024-இல் மறுபடியும் 1 லட்சத்து 49 ஆயிரம் டன். அவ்வாண்டு மழைக்காலத்தில் அடிநீர் நன்கு மேலெழுந்து, குஞ்சுகள் மிகுதியாகப் பிழைத்தன. ஆனால் உணவுக்குப் போட்டி மிகவே, பல மீன்கள் வளர்ச்சி குன்றிச் சிறுத்துப் போயின. மீன் இருந்தும் விலை இல்லை.

இதைப் பார்த்து இருவகைத் தவறான முடிவுக்கு வரலாம். "1940-களில் மறைந்து திரும்பியதுபோல் எப்போதும் திரும்பும், வலையால் தீங்கில்லை" என்பது ஒன்று. அன்று துரத்தியது துடுப்புப் படகு. இன்று துரத்துவது விசைப்படகும், அரை கிலோமீட்டருக்கும் நீளமான வலையும். கூட்டம் மெலிந்திருக்கும் காலத்தில் குஞ்சையும் வாரிவிட்டால் திரும்பி வர எது மிஞ்சும்? "எல்லாம் வலையின் குற்றம், மீனவரைத் தடுத்தால் போதும்" என்பது மற்றொன்று. 1943-இல் செய்த பிழை அதுவே. கரியும் எண்ணெயும் எரித்துக் கடலைச் சூடாக்கியதில் கட்டுமரக்காரரின் பங்கு மிகமிகச் சிறிது.

ஆரணிப் பக்கத்தாருக்கு இதை எளிதில் விளக்கலாம். பாவு மட்டும் துணியாகாது. ஊடை மட்டும் துணியாகாது. கடலின் வெப்பம் பாவு என்றால், மனிதன் பிடிக்கும் அளவு ஊடை. இரண்டும் சேர்ந்தே மத்தியின் இன்றைய நிலையை நெய்திருக்கின்றன. பாவை மாற்ற உலக நாடுகள் அனைத்தும் கூட வேண்டும், காலமும் ஆகும். ஊடை நம் கையில் இருக்கிறது. 10 சென்டிமீட்டருக்குக் குறைவான மத்தியைப் பிடிக்கலாகாது என்று 2015-இல் கேரளம் விதித்தது அத்தகைய ஒரு முயற்சி. வலைக்கண்ணின் அளவைப் பெரிதாக்குவதும், குஞ்சு மீனை உரத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் அனுப்பாதிருப்பதும், இருப்பதைச் சிறு படகுகளுக்கும் பங்கிடுவதும் அவ்வழியிலானவையே.

மாணவனிடம் நான் இவ்வளவையும் சொல்லி முடித்தபோது மணி அடித்துவிட்டது. "அப்படியானால் சார், நம் கடல் இன்னும் சூடானால் இந்த மீன் இங்கிருந்தும் போய்விடுமா?" என்றான் அவன். போகக்கூடும். பாட்டி அறியாத மீனைப் பேரன் உண்கிறான். அவனுடைய பேரன் அதை உண்பானா என்பது கடல் எவ்வளவு சூடேறுகிறது என்பதையும், நாம் எவ்வளவு விட்டுவைக்கிறோம் என்பதையும் பொறுத்தது. அதுவரை, துறைமுக மணலில் நின்று எண்ணுகிறவர்கள் தொடர்ந்து எண்ண வேண்டும். கடலிலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாமும் அந்தக் கணக்கைப் படிக்கக் கற்க வேண்டும்.