வெள்ளி நீர்வீழ்ச்சிக்குள் 10 லட்சம் டாலர் கேள்வி! என்ன அது?

கொடைக்கானல் மலைப்பாதையில் வெள்ளி நீர்வீழ்ச்சியை பார்த்திருப்பீங்க. அந்தத் தண்ணீர் ஓடும் விதத்தைச் சொல்பவை நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள். 19-ம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டவை.

அப்புறம் என்ன சிக்கல்?

வேகம் எப்போதும் சீராக மாறுமா, இல்ல எங்கேயாவது எல்லையில்லாம எகிறிடுமா? முப்பரிமாண ஓட்டத்துக்கு இதை யாரும் நிரூபிக்கல. 1934-ல் பிரான்ஸின் ழான் லெரே, சராசரி அளவில் பொருந்தும் தீர்வு உண்டு என நிரூபித்தார். சீரான தீர்வுக்கான விடைக்கு, 2000-ம் ஆண்டு கிளே கணித நிறுவனம் 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது.

பாகுத்தன்மை குறைஞ்சா?

தேன் மெதுவா வழியும், தண்ணீர் வேகமா ஓடும். காரணம் பாகுத்தன்மை. அது பூஜ்ஜியமாக இருந்தால் தண்ணீர் பாறையில் வழுக்கி ஓடும். துளி இருந்தாலும், பாறையைத் தொடும் தண்ணீர் ஒட்டி நிற்கும். அதனால், பாகுத்தன்மையை குறைச்சுக்கிட்டே போனா பூஜ்ஜியத்துக்கான விடையே வரும்னு உறுதியா சொல்ல முடியல.

இது ஏன் முக்கியம்?

வானிலைக் கணிப்பும் இந்த வகை சமன்பாடுகளை நம்பித்தான் நடக்குது. 1909-ல் இதே கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக பாய்வதைக் கண்டுபிடித்தார். காந்தப்புலத்தையும் சேர்த்தால், அந்த ஓட்டத்துக்கும் இதே கணக்குதான்!